அந்தப் பேட்டியில் ஒரு கட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அண்ணன் வந்துவிட்டுப் போனான். என் முழங்கால் பழையபடிதான், எழுத ஒன்றுமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு.

உன் பேட்டியைப் பார்த்தேன். அழுகையை நடிப்பது எப்படி என்று கேட்டதற்கு, "அழுகை வருகிறவர் அதை அடக்கத்தான் பாடுபடுவார், அந்தப் பாட்டைத்தான் நடிக்க வேண்டும்" என்றாய். பெருமையாக இருந்தது. அது அப்பா சொல்லிக்கொடுத்தது என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சரி, போகட்டும்.

பதினேழாவது நிமிஷத்தில் ஒரு கட் இருக்கிறது. பேட்டி எடுப்பவர் அம்மாவைப் பற்றிக் கேட்கிறார். நீ "அம்மா வந்து..." என்று ஆரம்பிக்கிறாய். அடுத்த ஷாட்டில் புதுப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாய். முப்பது வருஷம் எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்தவனுக்கு இது தெரியாதா? டம்ளரில் முக்கால்வாசி இருந்த தண்ணீர் கால்வாசி ஆகிவிட்டது. இடது கண் மை புதுசு, வலது கண்ணில் பழையது. மடியில் கிடந்த துப்பட்டா நுனி உன் உள்ளங்கைக்குள் சுருண்டிருக்கிறது. கன்டினியூட்டி பார்க்கத் தெரியாத யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. உதட்டை இழுக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசை நிஜ சந்தோஷத்துக்குத்தான் அசையும் என்று டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே எழுதிவிட்டார். உன் கண் அசையவில்லை.

நான் தப்பாகவும் பார்த்திருக்கலாம். ரஷ்யாவில் குலெஷோவ் என்ற டைரக்டர் ஒரே முகத்தை சூப் கிண்ணத்துக்குப் பக்கத்திலும் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் பசி தெரிகிறது, துக்கம் தெரிகிறது என்று நடிகரை மெச்சினார்களாம். நானே செய்திருக்கிறேன். கேமரா ஓடுவது தெரியாமல் சாப்பாட்டுக்குக் காத்திருந்த ஒருவரின் முகத்தை எடுத்து, சாவுச் செய்தி கேட்ட முகமாகச் சேர்த்தேன். தியேட்டரில் அழுதார்கள். அம்மாவைப் பற்றிய கேள்விக்குப் பின்னால் வந்ததால்தான் உன் சிரிப்பு எனக்கு அப்படித் தெரிந்ததோ என்னவோ. ஆனால் டம்ளரில் தண்ணீர் குறைந்தது குறைந்ததுதான்.

இன்னொன்று. கிளிசரினே தொடமாட்டேன், சொந்தத் துக்கத்தை நினைத்துத்தான் அழுவேன் என்கிறாய். அமெரிக்க நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார், தெரியும். அவரோடு வேலை செய்த ஸ்டெல்லா ஆட்லர் 1934-இல் பாரிஸில் இவர்களுக்கெல்லாம் மூல ஆசானான ரஷ்ய நாடகக்காரர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியையே நேரில் பார்த்துப் படித்துவிட்டு வந்து, சொந்த ஞாபகத்தைக் கிளறுவதைவிடக் கதையின் சூழ்நிலையும் கற்பனையும்தான் முக்கியம் என்று சண்டை போட்டார். நான் ஆட்லர் கட்சி. அஞ்சு டேக் என்றால் அம்மா அஞ்சு தடவை போக வேண்டுமா? கிளிசரின் போட்டுக்கொள்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. ராத்திரி ஷூட்டிங் முடிந்தால் போனை ஓரமாக வைத்துவிட்டுத் தூங்கு.

தொல்காப்பியத்தில் அழுகைக்கு நாலு காரணம், சின்ன வயதில் உன்னை மனப்பாடம் பண்ண வைத்தேனே: இளிவு என்கிற அவமானம், இழவு என்கிற இழப்பு, அசைவு என்கிற தளர்ச்சி, வறுமை. இழவு என்றால் எனக்குப் புரியும். இளிவு என்றால், அங்கே யாராவது உன்னை மட்டம் தட்டிப் பேசியிருந்தால், அது வேறு விஷயம். நாலில் எது என்று மட்டும் எழுது. விவரம் வேண்டாம். பதினோரு நாள் கழித்து ரெண்டு நிமிஷம் போனில் பேசினால் எனக்கு என்ன தெரியும்?

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வெட்டினவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மா போன அன்று நீ வாய்விட்டு அழ ஆரம்பித்ததும், "ஆட்கள் வர்றாங்க, போய் முகத்தைக் கழுவிட்டு வா" என்றவன் நான்தானே. நீயும் கழுவிக்கொண்டு வந்தாய். காதோரத்து முடியெல்லாம் ஈரம். எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டாய். என்ன திடமான பெண் என்று ஊரே சொன்னது, நானும் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் என் முன்னால் நீ அழுததில்லை.

டைரக்டர்களிடம் நான் கெஞ்சுவது உனக்குத் தெரியும்: கட் சொன்ன பிறகும் ரெண்டு செகண்ட் கேமராவை ஓடவிடுங்கள், அந்த 48 ஃபிரேமில்தான் எனக்குச் சரக்கு கிடைக்கும் என்று. அன்றைக்கு அந்த ரெண்டு செகண்ட் நான் பொறுக்கவில்லை. நீ இன்னும் கொஞ்சம் அழுதிருந்தால் நானும் உடைந்திருப்பேன், அந்தப் பயம்தான். நான் அப்படிச் சொன்னபோது வாசலில் யாருமே வரவில்லை, பாப்பா.

அம்மாவின் பச்சைச் சால்வையை இன்னும் துவைக்கவில்லை. அண்ணன் கேட்டான், கொடுக்கவில்லை.

இளிவா, இழவா, அதை மட்டும் எழுது. தூங்கு.

அப்பா