சின்னவனுக்கு

குறிஞ்சிப்பாடி
தை 24

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். போன வாரம் சித்தி பெண்ணுக்கு நிச்சயம் ஆன விஷயத்தைச் சொன்னேன். அதற்கும் "சாப்பிட்டேன்மா" என்றாய். பஸ் சத்தம் போலிருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டேன். எழுதினால் உட்கார்ந்து படிப்பாய், விட்டுப்போனதை மறுபடி படித்துக்கொள்ளலாம்.

நிச்சயம் வடலூரில்தான் நடந்தது. மாப்பிள்ளை நெய்வேலியில் வேலை. கல்யாணம் வைகாசியில். உன் பாட்டு இல்லாமல் கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அண்ணனுக்கு இந்த மாதம் இரவு ஷிப்ட். முந்திரி பூத்திருக்கிறது, பனி அதிகமாக இருப்பதால் கருகுமோ என்று அப்பாவுக்குக் கவலை. கொல்லையில் வைத்த கறிவேப்பிலை பிடித்துக்கொண்டது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பார்த்துக்கொள். ராத்திரி நிகழ்ச்சி முடிந்து பரோட்டா தின்றுவிட்டுப் படுக்காதே. அப்புறம், நல வாரியத்தில் பதிவு செய்துவிட்டாயா? நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் என்று அரசாங்கம் வைத்திருப்பது உங்களுக்காகத்தான். உன் ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் நம் வீட்டு முகவரியில்தான் இருக்கிறது, அதனால் இங்கிருந்தே எழுதிப் போடலாம். எத்தனை தடவை சொல்வது.

ஆற்றுத் திருவிழா வீடியோவைப் பக்கத்து வீட்டுப் பையன் காட்டினான். தை அஞ்சாம் நாள் பெண்ணையாற்று மணலில் அவ்வளவு கூட்டத்தில் உங்கள் குழுவில் ஐந்து பேரையும் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆயா பாடின நடவுப் பாட்டை அந்தப் பெண் எடுத்து, நீ பின்னால் பறையை மெல்ல அடிக்கத் தொடங்கினாயே, அந்த இடத்தில் தெருவே என் வாசலில் நின்று பார்த்தது. ஆயா இருந்திருந்தால் அந்தப் பாட்டில் விட்டுப்போன அடியைத் திருத்தியிருப்பாள். அந்தக் கிடார் பையனும் நன்றாக வாசிக்கிறான். முன்பெல்லாம் அவன் வாசிப்பது தனியாகக் கேட்கும், இப்போது பாட்டோடு சேர்ந்துவிட்டது. நீங்கள் வாங்குகிற காசு வண்டி வாடகைக்கும் சவுண்டுக்காரருக்கும் போக ஆளுக்கு என்ன மிஞ்சுகிறது என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறேன். கம்பெனி வேலையை விட்டதற்கு இன்னும் என் மனம் ஆறவில்லை. அதையும் இதையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூன் 21 இசை நாளுக்குப் புதுச்சேரித் தெருவில் நீங்கள் வாசித்ததைப் பார்க்க வந்தேனே. வெள்ளைக்காரர்கள் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்று கேட்டார்கள். மைக்கில் நீ "இது பறை" என்று சொல்லிவிட்டு அடிக்க ஆரம்பித்தாய். பெரிய மாமா அந்தப் பறையோடு ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். சாவு விழுந்தால் ஆள் வரும், காய்ச்சலில் படுத்திருந்தாலும் எழுந்து போக வேண்டும். அந்தக் குச்சி நம் வீட்டை விட்டுப் போகட்டும் என்றுதான் ஆயா நாத்து நட்ட கூலியில் என்னை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினாள். நீ அதை எறவாணத்திலிருந்து எடுத்துத் தூசி தட்டி மேடைக்குக் கொண்டுபோனாய். உறவுக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினபோது நான் உன் பக்கம்தான் நின்றேன், இன்றைக்கும் நிற்கிறேன். இப்போது சொல்லப்போவதைப் பறையை விடச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே.

பொங்கலுக்கு வந்திருந்தாயே, போகிக்கு முந்தின ராத்திரி அந்தக் குளிரில் ஃபேன் போட்டுக்கொண்டு படுத்தாய். நான் எழுந்து வந்து அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் நீ எழுந்து மறுபடி போட்டாய். கொசு என்றாய். கொசுவர்த்தி எரிந்துகொண்டுதான் இருந்தது. மறுநாள் சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, இந்தச் சில்வண்டு சத்தம் தாங்கவில்லை என்றேன். நீ கொல்லைப் பக்கம் பார்த்து, "எங்கம்மா?" என்றாய். காதைத் துளைக்கிற சத்தம் அது. அப்பா உன்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். பேச்சை மாற்றிப் பொங்கப் பானைக்கு மஞ்சள் கொத்து வாங்கினாயா என்று கேட்டேன்.

நீ படிப்பதற்கு ஏதுவாக இதை விவரமாக எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். 2017-ல் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான எம்.ஆர். தடுப்பூசி போட்டபோது, கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்தால் பிறக்கிற குழந்தைக்குக் காது கேட்காமலே போகலாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். காது என்றால் என்ன என்று தெரியாதவள் இல்லை. உட்காதில் மயிர் மாதிரி நுண்ணிய செல்கள் உண்டு, சத்தத்தை நரம்புக்குக் கொண்டுபோவது அவைதான். பெரிய சத்தம் திரும்பத் திரும்ப அடித்தால் அவை செத்துப்போகும். செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் போவது கீச்சென்ற மெல்லிய சத்தங்கள். சில்வண்டு, குக்கர் விசில், சின்னக் குழந்தையின் குரல், பேச்சில் வருகிற ச, த, ஸ. ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது பிடிபடாது. "நிச்சயம்" என்றால் "சாப்பிட்டியா" என்று விழும். அப்புறம் யாரும் இல்லாத நேரத்தில் காதுக்குள்ளேயே ஒரு இரைச்சல் வரும், ராத்திரியில்தான் அது பெரிசாகத் தெரியும். அதை மறைக்க ஃபேன் சத்தம் வேண்டியிருக்கும்.

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். பக்கத்தில் நின்று பறை அடித்தால் 100 சுலபமாகத் தாண்டும். நீ இடது தோளில் மாட்டுகிறாய், இடது பக்கத்தில் அந்தத் தம்பி பம்பையோடு நிற்கிறான், காலடியில் மானிட்டர் ஸ்பீக்கர். லாஸ்பேட்டையில் நீங்கள் ஒத்திகை பார்க்கிற அறையை நான் பார்த்தேன். மேலே தகரம், ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருக்கிறீர்கள், அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரக்கூடாது என்று. அவர்கள் காதுக்குப் போகாத சத்தமெல்லாம் எங்கே போகும்? பறை திறந்த வெளிக்குச் செய்தது. ஏரிக்கரையில் அடித்தால் அடுத்த ஊருக்குக் கேட்கட்டும் என்று செய்தது. அதைப் பத்துக்குப் பத்து அறையில் வைத்து மணிக்கணக்கில் அடிக்கிறீர்கள்.

வெளியில் அடித்த பெரிய மாமாவுக்கே என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். கடைசிக் காலத்தை மட்டும்தான் நீ பார்த்தாய், திண்ணை மூலையில் உட்கார்ந்து யார் என்ன சொன்னாலும் சிரிப்பாரே, அதை. அதற்கு முன்னால் அவர் அப்படி இல்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் மாதிரிப் பேச்சுக்காரர் கிடையாது. காது குறையக் குறையப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒரு தடவைக்கு மேல் "என்ன?" என்று கேட்கக் கூச்சம். டமாரச் செவிடு என்று பிள்ளைகள் பின்னால் கத்தினதும் அவர் காதில் விழவில்லை, எங்கள் காதில்தான் விழுந்தது.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. பறையைக் காய்ச்சும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். வைக்கோலைக் கொளுத்தி, தோலை நெருப்புக்கு மேல் சுற்றிச் சுற்றிக் காட்டி, சிண்டுக்குச்சி என்கிற மெல்லிய குச்சியால் ஒரு தட்டு தட்டுவார், கேட்பார், மறுபடி காட்டுவார். ணங் என்று வந்ததும் நிறுத்திவிடுவார். அதற்கு மேல் ஒரு நிமிஷம் காட்டினாலும் தோல் தாங்காது. ஒரு பெரிய வீட்டுச் சாவில் காய்ச்சிக்கொண்டே இருந்தார். தட்டினார், காட்டினார், தட்டினார், காட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் போதும் போதும் என்றார்கள், அவருக்குக் கேட்கவில்லை. எல்லார் முன்னாலும் தோல் படார் என்று கிழிந்தது. அந்த வீட்டுக்காரர்கள் பேசின பேச்சை எழுத மாட்டேன். வேப்பங்கட்டையில் புளியங்கொட்டைப் பசை தடவி அவரே இழுத்து ஒட்டின தோல் அது. அன்றைக்குப் பிறகு காய்ச்சுவதற்கு வேறு ஆளிடம்தான் கொடுப்பார்.

ஆற்றுத் திருவிழா வீடியோவில் ஆரம்பத்தில் ஒரு நிமிஷம் வருகிறது, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மணலில் நெருப்பு போட்டு நீ பறையைக் காய்ச்சுகிறாய். காய்ச்சிவிட்டு நீ தட்டிப் பார்க்கவில்லை. பம்பைக்காரத் தம்பியிடம் நீட்டினாய். அவன் தட்டிக் கேட்டுத் தலையாட்டின பிறகுதான் தோளில் மாட்டினாய். பக்கத்து வீட்டுப் பையனிடம் போனைத் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். என் பிள்ளை ஆடுகிறதைப் பார்க்க நான் ஆசைப்படுகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

நீ யாரிடமும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். சொன்னால் நிகழ்ச்சிக்குக் கூப்பிட மாட்டார்கள், வேலையை விட்டது தப்பு என்று அண்ணன் ஆரம்பிப்பான். நான் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவும் பேச மாட்டார்.

இதில் இன்னும் கையில் இருப்பது நிறைய இருக்கிறது. போனது திரும்பாது, ஆனால் இருப்பதைக் காப்பாற்றலாம். இசைக்காரர்களுக்கென்றே காது அடைப்பான் விற்கிறார்கள். மருந்துக்கடையில் கிடைக்கிற பஞ்சு மாதிரியான அடைப்பான் மெல்லிய சத்தங்களை அதிகமாக மூடிவிடும், பாட்டு மந்தமாகக் கேட்கும். இது எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைக்கும், தாளம் தெரியும், பாட்டும் தெரியும். வெறும் பஞ்சை உருட்டி வைப்பது ஒன்றுக்கும் உதவாது, அப்படிச் செய்துகொண்டிருந்தால் விட்டுவிடு. ஒத்திகை அறைச் சுவரில் பழைய மெத்தை, கனமான துணி ஏதாவது மாட்டுங்கள். மானிட்டரைக் குறைக்கச் சொல். அரை மணிக்கொரு தடவை வெளியே வந்து நில்லுங்கள். இது உனக்கு மட்டும் இல்லை, அந்தப் பாடுகிற பெண்ணுக்கும் சொல். அவளுக்குக் காது போனால் சுருதி போய்விடும்.

நாடகம் எழுதின சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதிக்குக் கருவடிக்குப்பத்துக்கு என்னைக் கூட்டிப்போனாய். பக்கவாதம் வந்து உடம்பு விழுந்து, 1922-ல் இந்தப் புதுச்சேரியில்தான் அவர் இறந்தார் என்று பெருமையாகச் சொன்னாய். எனக்கு அதில் பெருமை தோன்றவில்லை. அந்த உடம்பை அன்றைக்கு யார் பார்த்துக்கொண்டார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

வருகிற புதன்கிழமை நான் வருகிறேன். முதல் பஸ்ஸில் கடலூர் வந்து, அங்கிருந்து புதுச்சேரி மாறி, கோரிமேட்டுக்கு வந்துவிடுவேன். ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலில் நில். காலையிலேயே சீட்டு போட்டால்தான் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பார்க்க முடியும். சத்தம் வராத ஒரு அறையில் உட்காரவைத்துக் காதில் மாட்டி, சின்னச் சின்ன ஒலி விடுவார்கள், கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். வலி கிடையாது. கேட்காததைக் கேட்டதாக அமுக்காதே, அது முக்கியம். செவ்வாய்க்கிழமை ஒத்திகை வேண்டாம், முந்தின நாள் பெரிய சத்தத்தில் இருந்தால் சோதனை சரியாக வராது. அதற்கு முன்னால் திடீரென்று ஒரு காது அடைத்த மாதிரி ஆனால் புதன்வரை காத்திருக்காதே, அன்றைக்கே போ, அதற்கு மருந்து உண்டு, நாள் தள்ளினால் பலிக்காது.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் நிகழ்ச்சி கேட்டிருக்கிறார்கள் என்றாயே, அதை விட்டுவிடாதே. ஒத்துக்கொள். அடைப்பான் போட்டுக்கொண்டு அடி. நானும் அப்பாவும் வருகிறோம்.

வருகிறாயா இல்லையா என்பதை வாட்ஸ்ஆப்பில் எழுதிப் போடு. போன் பண்ண வேண்டாம். சாப்பாட்டைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு. புதன்கிழமை வரும்போது பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு எடுத்து வா. வாரியத்துக்கு நானே எழுதிப் போட்டுவிடுகிறேன்.