பொழுதுபோக்குச் சிகிச்சை நடத்துவோருக்குச் செட்டிநாட்டிலேயே தொடர்பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றிவருகிறேன். காலையில் இரண்டரை மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் அங்குள்ள பெரியவர்களைக் கூடத்தில் அமர்த்திப் பல்லாங்குழி, தாயம், கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னுதல், பூக்கட்டுதல், பாட்டு, தொட்டிச்செடி வளர்த்தல் முதலியவற்றை நடத்துவது என் வேலை. வருகைப் பதிவேட்டில் என் பதவி 'உதவியாளர்' என்று இருக்கிறது. பார்க்க வரும் பிள்ளைகள் 'ஆக்டிவிட்டி டீச்சர்' என்பார்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் இதையே முறையாகப் படித்துவிட்டுச் செய்பவரைப் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர் என்கிறார்கள். இந்தப் பணியில் இருப்பவர்களுக்கு வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ள எந்த வழியும் நம் பகுதியில் இல்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பொழுதுபோக்கு என்ற சொல்லே எங்களுக்கு ஓர் இடையூறு. பொழுதைப் போக்குவதற்கு யாரும் படிக்க வேண்டியதில்லை என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். பயிற்சிக்கு இரண்டு நாள் விடுப்புக் கேட்டபோது, முன்பு நான் வேலை பார்த்த இடத்தின் பொறுப்பாளர், "தாயம் உருட்டவும் டிரெயினிங்கா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு எனக்கும் சரியான விடை தெரியவில்லை. பின்னர் நடந்த ஒன்றுதான் எனக்கு விடையைக் கற்றுக்கொடுத்தது.

எங்கள் இல்லத்தில் ஓர் ஆச்சி இருந்தார். மூளையின் வலப்பக்கம் இரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்து, இடக்கையும் இடக்காலும் தளர்ந்த நிலையில் சேர்க்கப்பட்டவர். சிறுவயதிலிருந்து பல்லாங்குழி ஆடியவர் என்று மகள் சொன்னதால், பலகையை அவர் முன் வைத்துக் குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டைகளைப் போட்டேன். ஆட்டம் அவருக்கு நன்றாகவே நினைவில் இருந்தது. நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று சொல்லி எடுத்துக்கொள்வார். ஆனால் அவர் பக்கத்து ஏழு குழிகளில் வலக்கோடியிலிருந்த மூன்று நான்கு குழிகளோடு அவர் கை நின்றுவிடும். இடக்கோடியில் கொட்டைகள் அப்படியே கிடக்கும். "ஆச்சி, இங்கே இருக்கே பாருங்க" என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் வந்தது. விளையாட விருப்பமில்லை போலும் என்று எண்ணி, சில வாரங்களில் பலகையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டிலும் இடப்பக்கத்துப் பொரியலை அவர் தொடாமல் எழுந்துவிடுவார். பொரியல் பிடிக்கவில்லை என்று சமையலறைக்குச் சொல்லிவிட்டோம். இப்படி நான்கு மாதங்கள் போயின.

வேறொருவரைப் பார்க்க மதுரையிலிருந்து வந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தாமே செய்ய நோயாளிகளைப் பழக்கும் சிகிச்சையாளர்) ஒருவர், அந்தத் தட்டைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு என்னை அழைத்து விளக்கினார். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்குக் கண் பார்வை சரியாக இருந்தாலும், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லையாம். பிடிவாதமோ மறதியோ அல்ல, நோயின் ஒரு கூறு. பலகையின் இடக்கோடியில் பளிச்சென்ற சிவப்பு நாடாவை ஒட்டச் சொன்னார். ஒவ்வொரு முறை ஆடுவதற்கு முன்பும் அந்தச் சிவப்பைக் கண்ணால் தேடிப் பிடித்துவிட்டு ஆடும்படி பழக்கச் சொன்னார். ஆட்டத்தில் என் இடத்தையும் அவருக்கு இடப்புறமாக மாற்றச் சொன்னார். அன்று மாலையே ஆச்சியின் பழைய கண்டாங்கிச் சேலையின் கரையிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பலகையில் ஒட்டினேன். ஆறாவது வாரத்தில், நான் சொல்லாமலேயே அவர் தலையைத் திருப்பிக் கடைசிக் குழியிலிருந்து ஐந்து கொட்டைகளையும் வழித்தெடுத்தார். தட்டின் விளிம்பிலும் அதே சிவப்பை வைத்தோம். பொரியலும் காலியானது.

அந்தத் தெரபிஸ்ட் எனக்குச் சொன்னதற்கு ஆன நேரம் இருபது நிமிடங்கள் இருக்கும். அந்த இருபது நிமிடப் பாடம் எனக்குக் கிடைக்காததால் ஒரு பெண்மணி நான்கு மாதங்கள் அரைத்தட்டுச் சோற்றோடு எழுந்திருக்கிறார். இதை எழுதும்போது இன்றும் எனக்கு உறுத்துகிறது. விளையாட்டு எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள நான் எங்கும் போக வேண்டியதில்லை. எதிரே இருப்பவரின் உடலையும் மனத்தையும் தெரிந்துகொண்டு, எந்த விளையாட்டை எந்த நோக்கத்துக்காக எப்படி மாற்றி வைப்பது என்பதே இந்தத் தொழில். அது கற்பிக்கப்பட வேண்டியது, மருத்துவம் வளர வளரத் திரும்பத் திரும்பக் கற்கப்பட வேண்டியது.

இதற்கு எத்தனையோ எடுத்துக்காட்டுகளைச் சொல்லலாம். நீண்டநாள் சர்க்கரை நோயால் விரல்நுனி மரத்துப்போனவருக்குக் கொட்டான் பின்னக் கொடுத்தால், பனையோலையின் விளிம்பு கையைக் கீறுவது அவருக்கே தெரியாது. ஓலையை நன்றாக நனைத்துப் பதமாக்கித் தருவதோடு, வேலை முடிந்ததும் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தும் அனுப்ப வேண்டும். மறதிநோய் முற்றியவர் முன்னால் புளியங்கொட்டையையோ சோழியையோ வைப்பது ஆபத்து, வாயில் போட்டுக்கொள்வார். சக்கர நாற்காலியிலிருந்து ஒருவரைத் தூக்கி உட்கார வைக்கும் முறை தெரியாமல் முதுகு போனவர்கள் எங்கள் தொழிலில் பலர். பெரியவர்கள் ஆடுவதையும் பாடுவதையும் படமெடுத்து வாட்ஸப்பில் போடுவதற்கு முன் அவர்களுடைய ஒப்புதலைக் கேட்க வேண்டும் என்பதுகூட எங்களில் பலருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பதிவேடு எழுதுவது இன்னொன்று. என் பழைய நோட்டுகளைப் புரட்டினால், நாள்தோறும் 'அனைவரும் மகிழ்ச்சியுடன் பங்கேற்றனர்' என்ற ஒரே வரிதான் இருக்கிறது. யார் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார், எந்தக் கையைப் பயன்படுத்தினார், போன மாதத்தைவிட என்ன மாறியது என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. முதலில் ஆளை மதிப்பிடுவது, பிறகு திட்டமிடுவது, நடத்துவது, நடத்தியபின் பலனை அளந்து பார்ப்பது என்ற நான்கு படிகளே இத்துறையின் அடித்தளம் என்பதை நான் ஒன்பதாம் ஆண்டில் அறிந்துகொண்டேன். மருத்துவரிடமும் குடும்பத்தாரிடமும் எங்கள் சொல் எடுபடாமல் போவதற்கு இந்த ஒற்றை வரி நோட்டுகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் இத்தொழிலுக்கான சான்றளிப்பு அமைப்பு 1981ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. அங்கே சான்று பெற்றவர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பணி அனுபவத்தோடு 50 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்ட வேண்டும், அல்லது தேர்வை மீண்டும் எழுத வேண்டும். அவ்வளவு தொலைவு போகவும் தேவையில்லை. நம் நாட்டிலேயே இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்துள்ள சிறப்பாசிரியர்களும் பிற மறுவாழ்வுப் பணியாளர்களும் தொடர்கல்விப் புள்ளிகளைச் சேர்த்தால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். எங்களைப் போன்றோருக்குப் பதிவே இல்லை. ஆகவே புதுப்பிக்க வேண்டியதும் இல்லை, கற்க வேண்டும் என்று கேட்பாரும் இல்லை.

சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்ல முடியாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 19ஆம் பிரிவு, முதியோர் இல்லங்களில் மருத்துவக் கவனிப்போடு பொழுதுபோக்கு வசதிகளுக்கும் மாநில அரசு தரம் வகுக்கலாம் என்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 20ஆம் பிரிவு, மனநல நிலையங்களில் இருப்போருக்கு ஓய்வு, பொழுதுபோக்கு வசதிகளை உரிமையாகவே வைத்திருக்கிறது. துணை மருத்துவத் தொழில்களை முறைப்படுத்த 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அட்டவணையில், இயக்கச் சிகிச்சையாளரோடு (உடலசைவு வழியாகச் சிகிச்சை தருபவர்) சேர்த்துப் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர் என்ற பெயரும் இடம்பெற்றிருக்கிறது. பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. அந்தப் பெயருக்குரிய வேலையைக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் இன்று செய்துகொண்டிருப்பவர்களுக்கு அதை எட்டும் வழி வகுக்கப்படவில்லை. பல இல்லங்களில் பொழுதுபோக்கு வசதி என்பது சுவரில் மாட்டிய ஒரு தொலைக்காட்சிப் பெட்டியோடு முடிந்துவிடுகிறது.

செட்டிநாட்டுக்கு இந்தத் தேவை கூடுதல் என்பது என் உறுதியான எண்ணம். முகப்பு, வளவு (உள்முற்றப் பகுதி), இரண்டாம் கட்டு என்று நீளும் வீடுகளில் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்க, பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பதை இங்கே எந்தத் தெருவிலும் பார்க்கலாம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோ மறதி கூடியோ போனால் அவர்கள் இல்லங்களுக்கு வருகிறார்கள். வரும்போது ஒரு வாழ்க்கையின் பழக்கங்கள் அனைத்தையும் கையோடு கொண்டுவருகிறார்கள். கோட்டையூர்ப் பக்கத்து இல்லம் ஒன்றில் வேலை செய்யும் தோழி ஒருவர் சொன்னதை இங்கே குறிப்பிட வேண்டும். அங்கிருந்த மறதிநோய் ஆச்சி ஒருவர் அந்தி சாயும் நேரமானால் பரபரத்து, "வளவுல விளக்கேத்தணும், என்னைக் கொண்டு போய் விடுங்க" என்று வாசற்கதவைப் பிடித்துக்கொள்வாராம். அந்நேரம் பார்த்துக் கூடத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பஜனை நடக்கும். மறதிநோயாளிகளுக்கு மாலை நேரத்தில் பதற்றம் கூடுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. இரைச்சல் அதை இன்னும் மோசமாக்கும். தோழி ஒலிபெருக்கியை நிறுத்தி, ஆச்சியைத் தனி அறையில் அமர்த்திப் பஞ்சைக் கொடுத்து விளக்குத் திரி திரிக்கச் சொன்னார். தொடை மேல் பஞ்சை வைத்து உள்ளங்கையால் உருட்டும் அந்த அசைவை அவர் கைகள் மறந்திருக்கவில்லை. இருபது முப்பது திரிகள் ஆவதற்குள் அந்திப்பொழுது அமைதியாகக் கடந்துவிடும். இதைத் தோழி எனக்குப் பேருந்து நிறுத்தத்தில் சொன்னார். இப்படிப்பட்ட அறிவு ஒரு பேருந்து நிறுத்தத்தில் இருவர் தற்செயலாகச் சந்தித்தால்தான் கைமாறும் என்ற நிலை மாற வேண்டும்.

இப்போதுள்ள வழிகள் எங்களுக்கு எட்டுபவையாக இல்லை. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் தேசிய நிறுவனமும், பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸும் சிறந்தவைதாம். ஆனால் குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் பயணச் செலவும் தங்கும் செலவும் போட்டு அங்கே போக முடியாது. இணையத்தில் கிடைக்கும் வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. எங்களில் மிகுதியானோர் தமிழ்வழியில் பிளஸ் டூ படித்தவர்கள். ஆகவே பயிற்சி இங்கேயே, தமிழிலேயே நடக்க வேண்டும். உடற்கல்வியும் சிறப்புக் கல்வியும் கற்பிக்கப்படும் அழகப்பா பல்கலைக்கழகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. 2012இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி சிவகங்கையில் இருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கென்று வார இறுதிச் சான்றிதழ் வகுப்பு ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பக்கவாதம், மறதிநோய், நடுக்குவாதம், மனச்சோர்வு ஆகியவற்றின் அடிப்படைகள், ஆளைத் தூக்கி இறக்கும் முறை, முதலுதவி, பதிவேடு எழுதுதல் ஆகியவை முதல் வகுப்பில் வந்தால் போதும்.

சான்றிதழோடு விட்டுவிடவும் கூடாது. மாதம் ஒருமுறை பக்கத்து இல்லங்களின் பணியாளர்கள் ஒரே இடத்தில் கூடி, ஒவ்வொருவரும் தம்மைக் குழப்பிய ஒருவரைப் பற்றிப் பெயர் சொல்லாமல் எடுத்துவைக்க, பிசியோதெரபிஸ்டோ மனநல மருத்துவரோ ஒருவர் உடனிருந்து வழிகாட்டும் கூட்டம் நடக்க வேண்டும். என் அனுபவத்தில் புத்தகத்தைவிட இதில்தான் அதிகம் கற்க முடியும். நாங்கள் அன்றாடம் பார்க்கும் மரணங்களைப் பற்றிப் பேசவும் அது ஓர் இடமாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் கைபிடித்து உட்கார வைத்தவரின் நாற்காலி காலியாகும்போது, மறுநாள் காலை பத்து மணிக்கு அதே கூடத்தில் பாட்டுத் தொடங்குவது எளிதன்று.

இல்ல நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். பணியாளர் பயிற்சிக்குப் போகும் நாளைச் சம்பளமில்லா விடுப்பாகக் கழிக்காமல் பணி நாளாகக் கொள்ள வேண்டும். பேருந்துக் கட்டணத்தைத் தர வேண்டும். அன்று கூடம் பூட்டிக்கிடக்காதபடி மாற்றாள் ஏற்பாடு செய்ய வேண்டும். பயிற்சிக்கு ஆள் வருவதில்லை என்று சொல்பவர்கள் இந்த மூன்றையும் முதலில் பார்க்கட்டும். வெளியூரிலிருந்து பெற்றோருக்காகப் பணம் அனுப்பும் பிள்ளைகளும், இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது குளிரூட்டிய அறை உண்டா என்று கேட்பதோடு, கூடத்தில் வேலை நடத்துபவர் கடைசியாக எப்போது, என்ன பயிற்சி பெற்றார் என்றும் கேட்கத் தொடங்கினால் நிர்வாகங்கள் செவிசாய்க்கும்.

எங்கள் இல்லத்தின் கூடத்தை மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகலில் இத்தகைய கூட்டத்துக்குத் தர இப்போதைய நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் இதே வேலையைச் செய்யும் ஏழு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்து கற்றுத்தர ஒருவரைப் பல்கலைக்கழகமோ மருத்துவக் கல்லூரியோ அனுப்பினால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
முதியோர் இல்லப் பணியாளர் ஒருவர்,
காரைக்குடி வட்டம்.