தாமதம் வேறு, குளறுபடி வேறு
ஐயா,

கலிஃபோர்னியாவின் 13-ஆவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதி முடிவு ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வந்ததைக் 'குளறுபடி' என்கிறது தங்கள் செய்தி (5.12.2024). அது அம்மாநிலச் சட்டப்படி நடந்த வேலை. தேர்தல் நாளான நவம்பர் 5-க்குள் அஞ்சல் முத்திரை பெற்ற வாக்குகள், அடுத்த ஏழு நாள்களுக்குள் வந்து சேர்ந்தாலும் செல்லும். ஒவ்வோர் உறையின் கையொப்பத்தையும் வாக்காளர் பதிவிலுள்ள கையொப்பத்தோடு கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலர்கள் ஒப்பிட்டாக வேண்டும். அங்கு வசிக்கும் என் மகளின் கையொப்பம் பொருந்தவில்லை என்று கடிதம் அனுப்பி, மறுபடி கையொப்பம் வாங்கிய பிறகே அவளது வாக்கை ஏற்றார்கள். இத்தொகுதியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆடம் கிரே வென்றதோ வெறும் 187 வாக்குகளில்! ஒரே நாளில் எண்ணி முடிக்கும் நம்மூர் வழக்கத்தை வைத்து இதை அளக்க முடியாது.

இனி அமெரிக்கத் தேர்தல் செய்திகளில், அந்தந்த மாநிலத்தின் வாக்கு எண்ணிக்கைக் கெடுவையும் ஒரு வரி சேர்த்து வெளியிடலாம்.

வாசகர், தஞ்சாவூர்