பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குக் கிளம்புகிறவர்களுக்கு: காகத்தையும் எழுதுங்கள்

அன்பு நண்பர்களே,

2015 முதல் பொங்கல் விடுமுறைதோறும் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இந்தியா தளத்தில், பார்த்த பறவைகளின் பட்டியலை ஏற்றி வருகிறீர்கள். கூந்தன்குளத்துப் பட்டைத்தலை வாத்து தவறாமல் வந்துவிடுகிறது. பல பட்டியல்களில் காகத்தைத்தான் காணோம்!

காகம் இல்லாத ஊரா? எழுதவில்லை, அவ்வளவுதான். ஒரு பறவை கூடுகிறதா குறைகிறதா என்பதை, முழுப் பட்டியல்களில் (அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதியவற்றில்) எத்தனை சதவீதத்தில் அது இடம்பெறுகிறது என்று பார்த்தே கணிக்கிறார்கள். 100 பட்டியலில் 40இல் இருந்த பனங்காடை பின்னாளில் 20இல் மட்டும் தென்பட்டால் சரிவு புலப்படும். அதைப் பார்க்காத 80 பேரும் முழுசாக எழுதியிருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். 2023இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை பனங்காடையின் சரிவைக் கண்டது இந்த வழியில்தான்.

பட்டியலை முடிக்கும்போது இ-பேர்ட் செயலி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினீர்களா? படம் எடுத்ததை மட்டும் எழுதிவிட்டு ‘ஆம்’ அழுத்தாதீர்கள். எழுதாமல் விட்ட மைனா, அங்கே இல்லாத மைனாவாகிவிடும். அதைவிட ‘இல்லை’ என்பதே மேல்.

குறைந்தது 15 நிமிடம் பாருங்கள். பார்த்த விதத்தைச் செயலியில் குறிக்கும்போது, 30 மீட்டருக்குள் நின்றால் ‘நின்றபடி’, அதைத் தாண்டினால் ‘நடந்தபடி’. காலை ஆறிலிருந்து பத்துவரை கண்மாய், வயல், ஊர் எல்லாம் சுற்றி ஒரே பட்டியலாகப் போட்டால் எந்தப் பறவை எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கரைக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று எனப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 2 கிலோமீட்டருக்குள் இருந்தால் நல்லது. போன வழியே திரும்பினால் ஒருவழித் தூரம் மட்டும்தான் கணக்கு. செயலி காட்டும் தூரத்தைத் திருத்துங்கள்.

எண்ணிக்கைக்குப் பதில், ‘இருந்தது, எண்ணவில்லை’ என்று பொருள்படும் ‘எக்ஸ்’ போடுவது சோம்பல். நத்தைகுத்தி நாரைக் கூட்டத்தில் பத்தை எண்ணி, அந்த அளவுக் கூட்டம் எத்தனை தேறும் என்று பாருங்கள். ‘சுமார் 200’ என்பது கணக்குக்கு உதவும், ‘எக்ஸ்’ உதவாது. ஐந்து பேர் சேர்ந்து போனால் ஒருவர் எழுதி மற்றவர்களுக்குப் பகிரட்டும். தனித்தனியே ஏற்றினால் அதே 200 நாரை ஆயிரமாகத் தெரியும்.

உள்ளான்களில் எது என்று தெரியவில்லையா? ‘உள்ளான் வகை’ என்று போடுங்கள். முழுப் பட்டியல் கெடாது. குரலைக் கேட்டு மெர்லின் என்ற அடையாளம் காட்டும் செயலி சொன்னதை மட்டும் நம்பி ஓர் இனத்தைச் சேர்க்காதீர்கள். தளத்தில் பதிவுகளைச் சரிபார்ப்பவர் விவரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம், அவரும் தன்னார்வலர்தான். உங்கள் பட்டியலில் காலை, மாலை நேரம் மாறிப் பதிவானதாகக்கூட இருக்கலாம்.

கூட்டில் அடைகாக்கும் ஆந்தையின் படத்தைத் துல்லியமான இடக்குறியோடு அன்றே ஏற்றாதீர்கள். குஞ்சு பறந்தபின் ஏற்றலாம். பட்டியலில் பார்த்த தேதியே நிற்கும்.

இப்படிக்கு,
பறவைப் பட்டியல்களோடு புழங்கும் சிலர்