சீன மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் ஆண்மைக் குளிசைகள்

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் பத்திரிகையின் வரி விளம்பரப் பகுதியில் அண்மைக் காலமாக, 'நூறு வீதம் சீன மூலிகை, பக்கவிளைவு இல்லை, ஒரு மணித்தியாலத்தில் பலன்' என்ற வகையிலான வாசகங்களுடன் ஆண்மைக் குறைபாட்டுக்கான குளிசைகள் விளம்பரப்படுத்தப்படுவதைக் கண்டு இதனை எழுதுகின்றேன். இந்த மூன்று கூற்றுகளும் ஒரே குளிசைக்குப் பொருந்த வாய்ப்பில்லை என்பதை, மருந்தகத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் வாசகர்களுக்கு எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

சீன மரபு வைத்தியம் ஆண்மைக் குறைபாட்டை எல்லோருக்கும் பொதுவான ஒரே நோயாகக் கொள்வதில்லை. சிறுநீரகத்தை உயிர்ச்சாரத்தின் இருப்பிடமாகக் கருதும் அம்மரபில், சிறுநீரகத்தின் வெம்மையாற்றல் குன்றியதால் குறை வந்ததா, மனக்கவலையால் ஈரலின் ஓட்டம் தடைப்பட்டு வந்ததா, உடலில் ஈரமும் சூடும் சேர்ந்து தேங்கியதால் வந்ததா என்று நாடியையும் நாக்கையும் பார்த்துப் பிரித்தறிந்த பின்னரே மருந்து தீர்மானிக்கப்படுகின்றது. முதல் வகையினருக்கு யின்யாங்ஹுவோ போன்ற வெப்பமூட்டும் மூலிகைகளை வேறு பல சரக்குகளுடன் சேர்த்துக் கஷாயமாகக் கொடுப்பார்கள். அதையே மூன்றாம் வகையினருக்குக் கொடுத்தால் நோய் கூடும் என்பது அம்மரபின் சொந்த எச்சரிக்கை. வாதம், பித்தம், கபம் பார்த்து மருந்து கொடுக்கும் எங்கள் பரியாரிமாருக்கு இது புதிய விடயமன்று. ஆளைப் பாராமல், தொலைபேசியில் அழைத்தவர் எல்லோருக்கும் ஒரே குளிசையைத் தபாலில் அனுப்புகின்றவர் எந்த வைத்திய முறையைப் பின்பற்றுகின்றார் என்பது எனக்கு விளங்கவில்லை.

மூலிகையின் பெயரை மாத்திரம் நம்புவதும் சரியன்று. எங்களிடம் நீரடைப்புக்கும் ஆண்மைக்கும் வழங்கப்படும் நெருஞ்சிலைச் சீன வைத்தியர்கள் பெரும்பாலும் தலைவலி, கண்சிவப்பு, தோல் அரிப்பு ஆகியவற்றுக்கே பயன்படுத்துகின்றார்கள். மிகுந்த புகழ்பெற்ற ஜின்செங் வேரைப் பற்றி 2021 இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு, 587 ஆண்கள் பங்குபற்றிய 9 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, விறைப்புக் குறைபாட்டில் அதன் பயன் மிகச் சொற்பமாகவே இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. யின்யாங்ஹுவோவில் உள்ள இகாரின் என்ற பொருள், வயாகரா என்று பலரும் அறிந்த ஆங்கில மருந்தான சில்டெனாஃபில் தடுக்கின்ற அதே நொதியத்தை ஆய்வுகூடத்தில் தடுக்கின்றது என்பது உண்மைதான். ஆனால் அதன் வலு மிகக் குறைவு. மூலிகையால் ஏதேனும் பலன் வருமானால், அது வாரக்கணக்கில் உண்ட பின்னர் மெல்லவே வரும். ஒரு மணித்தியாலத்தில் பலன் தெரிந்தால், அந்தக் குளிசைக்குள் சில்டெனாஃபில் தூள் இருக்கின்றது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய 'மூலிகை' உற்பத்திகளில் சில்டெனாஃபிலையும் அதே வகை மருந்தான தடாலாஃபிலையும் கண்டறிந்து எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகின்றது. வழமையான சோதனையில் அகப்படாதபடி மூலக்கூறு சற்றே மாற்றப்பட்ட வடிவங்களும் பிடிபட்டுள்ளன.

கலப்படம் அத்துடன் நிற்பதில்லை. 2008 ஆம் ஆண்டு ஜனவரி முதல் மே வரை, நீரிழிவு இல்லாத 150 பேர் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு வீழ்ந்த நிலையில் சிங்கப்பூரின் அரச வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டார்கள். எங்கள் நாட்டிலும் நீரிழிவாளருக்குக் கொடுக்கப்பட்டு வந்த, சீனியைக் குறைக்கும் கிளிபென்கிளமைட் என்ற மருந்து அந்த 150 பேருட் பெரும்பாலோரின் உடலில் இருந்தது. சட்டவிரோதமான ஆண்மைக் குளிசைகளில் அது கலந்திருந்தமை பின்னர் தெரியவந்தது. எழுவர் நீண்ட மயக்கத்தில் வீழ்ந்தார்கள், நால்வர் உயிரிழந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் இக்குளிசைகளைத் தேடுவோரில் கணிசமானோர் நடுவயதைக் கடந்தவர்களாகவும், நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ ஏற்கனவே மருந்து எடுப்பவர்களாகவும் இருப்பார்கள் என்பது எனது தொழில் அனுபவத்தில் இருந்து நான் கொண்டுள்ள கருத்து. அந்நோய்களே பலருக்கு ஆண்மைக் குறைபாட்டின் காரணமாகவும் அமைகின்றன. இதயக் குழாய்கள் ஒடுங்கத் தொடங்கியதற்கு அது முதல் அறிகுறியாக இருப்பதும் உண்டு. நெஞ்சுநோவுக்காக நாக்கின் கீழ் ஜிடிஎன் என்ற, இரத்தக் குழாய்களை விரிக்கும் குளிசையை வைப்பவர், சில்டெனாஃபில் கலந்த குளிசையை மூலிகை என்று நம்பி விழுங்கினால், இரத்த அழுத்தம் சடுதியாக வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அவரைத் தூக்கிச் செல்கின்ற குடும்பத்தவருக்கு அவர் என்ன விழுங்கினார் என்பது தெரிந்திருக்காது. தெரிந்தாலும் வெட்கத்தால் வைத்தியரிடம் சொல்லமாட்டார்கள். அவர்களை நான் குறைகூறமாட்டேன். பக்கத்துக் கதிரையில் அயலவர் இருக்கும் கிளினிக்கில், தாதியர் பெயர் கூப்பிடும் அவசரத்தில், எந்த ஆண் இதைப் பற்றி வாய்திறப்பார்?

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மருந்துகளைப் பதிவுசெய்வதற்குத் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபை இயங்குகின்றது. பதிவு இலக்கத்தைக் காட்டாத எந்த ஆண்மைக் குளிசையின் விளம்பரத்தையும் ஏற்பதில்லை என்று தங்கள் பத்திரிகை தீர்மானிக்குமானால், ஏனைய பத்திரிகைகளும் அதுபற்றி யோசிக்க வேண்டிவரும். உணவு, மருந்துப் பரிசோதகர்கள் இக்குளிசைகளின் மாதிரிகளைப் பெற்று ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். நீரிழிவுக் கிளினிக்குகளில் ஒவ்வொரு ஆணிடமும் வைத்தியரே தனியாக ஆண்மைக் குறைபாடு பற்றியும் இக்குளிசைகள் பற்றியும் கேட்கும் வழக்கம் ஏற்பட வேண்டும். மூலிகை வைத்தியத்தையே விரும்புவோர், தாங்கள் எடுக்கும் ஆங்கில மருந்துகள் அனைத்தையும் கையிற் கொண்டு, கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்கோ பதிவுபெற்ற சித்த வைத்தியர் ஒருவரிடமோ செல்லலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளர்,
கோண்டாவில்.