அந்த ஃபோல்டரைப் பூட்டிக் கொடுங்கள்

ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு பில்லிங் மென்பொருள் விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் நீங்கள் மென்பொருள் போட்டுக்கொடுத்த லேபின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். போன மாதம் நடந்ததை உங்கள் சப்போர்ட் ஆட்களிடம் நான்கு முறை சொல்லிவிட்டேன். பதில் வராததால் இந்த மடல்.

ரிசப்ஷன் கணினியில் அட்மின் உரிமை யாருக்கும் கிடையாது, நானே எடுத்துவிட்டிருந்தேன். ஆனாலும் மின்னஞ்சலில் வந்த ரான்சம்வேர் (கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் வைரஸ்) கணினி முழுவதையும் பிடித்துக்கொண்டது. தேடிப் பார்த்தால், பின்னணியில் தானாக ஓடும் உங்கள் சர்வீஸின் கோப்பு இருந்த இடத்தில் அதே பெயரில் வேறொன்று இருந்தது. மென்பொருளை நீங்கள் சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டர் உருவாக்கிப் போடுகிறீர்கள். விண்டோஸில் அப்படி உருவாகும் ஃபோல்டருக்குள் சாதாரணப் பயனரும் எழுதலாம், அழிக்கலாம். அதற்குள் இருக்கும் உங்கள் சர்வீஸோ விண்டோஸின் முழு அதிகாரமுள்ள சிஸ்டம் கணக்கில் ஓடுகிறது. கோப்பை மாற்றிவைத்தால் போதும், கணினி அடுத்து ஆன் ஆகும்போது முழு அதிகாரமும் கையில். அந்த அதிகாரத்தால்தான் பேக்கப்பையும் அழித்தது.

மறுநாள் காலை டயாலிசிஸுக்குப் போகவேண்டிய ஒரு பெரியவர் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டுக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் திரும்பவும் ரத்தம் எடுத்தோம். ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கை. "பரவாயில்லம்மா, எடுத்துக்கோ" என்று நீட்டினார். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

சாதாரணப் பயனர் எழுத முடியாதபடி ஃபோல்டரைப் பூட்டிக் கொடுங்கள். அப்படிப் பூட்டியே இருக்கும் ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் நிறுவுங்கள், சர்வீஸைக் குறைந்த உரிமையுள்ள கணக்கில் ஓட்டுங்கள். இதைக் கேட்டால், "எரர் வந்தா எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல் குடுங்க சார்" என்கிறார்கள் உங்கள் சப்போர்ட் ஆட்கள். அதாவது, எல்லாருக்கும் முழு உரிமை கொடு என்று.

ரவுட்டர், கேமரா விற்பவர்களும் இப்படித்தான். தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை வைத்தே 2016-இல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. பிரிட்டனில் 2024 முதல் அப்படிப் பொதுவான பாஸ்வேர்டோடு விற்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. இங்கே 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அது லேப் நடத்துபவர் தலையில்தான் விழும், மென்பொருள் செய்தவர் தலையில் அல்ல.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். அடுத்த அப்டேட்டிலாவது அந்த ஃபோல்டரைப் பூட்டிக் கொடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் சேர்த்துச் செய்யுங்கள். நேரில் வந்து காட்டச் சொன்னால் வருகிறேன், ஞாயிற்றுக்கிழமையானாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருள் ஓடும் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்களில் ஒருவன்