முதலில் அந்த இளைஞனிடம் சொல்லுங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களே,

வணக்கம். ஆகஸ்ட் மாதம் பிறந்தால் போதும், உங்களில் சிலராவது செய்தியாளர்கள் முன் அமர்ந்து அதே பதிலைச் சொல்லத் தொடங்கிவிடுகிறீர்கள். எங்களிடம் திறமையான குவாட்டர்பேக்குகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், போட்டி இன்னும் முடியவில்லை, நேரம் வரும்போது தெரியவரும் என்கிறீர்கள். முதல் ஆட்டத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போதும் அந்தப் பதில் மாறுவதில்லை. இருவரில் யாரைக் களமிறக்குவது என்பது உங்கள் உரிமை. அதில் நான் குறுக்கிடவில்லை. அந்த முடிவை எப்போது எடுக்கிறீர்கள், யாரிடம் முதலில் சொல்கிறீர்கள் என்பதைப் பற்றியே எழுதுகிறேன். பல ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளை உங்கள் ஆட்டங்களுக்கென்றே ஒதுக்கிவைக்கும் ரசிகன் என்ற முறையில் இதைக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்று நம்புகிறேன்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களான தமிழ் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இது காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல; பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. களத்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர். ஓட்டக்காரர்களை மாற்றி மாற்றி இறக்கலாம், பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களையும் அப்படியே. குவாட்டர்பேக் மட்டும் ஒருவர்தான். சென்டர் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் தரும் அந்த நொடியிலிருந்து எல்லாமே அவர் கையில். எப்போது பந்து வரவேண்டும் என்று குரல் கொடுப்பவரும் அவர்தான். அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்துக்குத்தான் முன்வரிசைக் காவலர்கள் ஐந்து பேரும் காதைப் பழக்கிவைத்திருக்கிறார்கள். ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து காற்றில் இருக்க வேண்டும். இந்த ஒத்திசைவு பயிற்சியில் மட்டுமே வரும். பருவம் தொடங்கிவிட்டால் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி தரக்கூடாது என்பது கல்லூரி விளையாட்டு விதி. அந்த 20 மணி நேரத்தில் முதல் அணியோடு ஆடும் வாய்ப்பை இருவருக்கும் பாதிப்பாதியாகப் பிரித்தால், இருவருமே அரைகுறையாகத் தயாராகிறார்கள். இது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் தள்ளிப்போடுகிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம்.

அலபாமா பல்கலைக்கழக அணியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2018 ஜனவரி 8, அட்லாண்டா. தேசிய வாகையர் பட்டத்துக்கான ஆட்டம், எதிரணி ஜார்ஜியா. பாதி ஆட்டம் முடிந்தபோது அலபாமா 0, ஜார்ஜியா 13. அலபாமாவின் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் அதுவரை எறிந்த 8 பந்துகளில் 3 மட்டுமே சேர்ந்திருந்தன; கிடைத்தது 21 யார்டு. தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் அவரை உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவர் டுவா டாகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் டுவா முதலில் பிடிபட்டு 16 யார்டு பின்னால் போனார். அடுத்த பந்திலேயே டிவான்டா ஸ்மித்துக்கு 41 யார்டு எறிந்து ஆட்டத்தை முடித்தார். 26-23. உட்காரவைக்கப்பட்ட ஹர்ட்ஸ், தொடக்க ஆட்டக்காரராக 26 வெற்றியும் 2 தோல்வியும் மட்டுமே கண்டவர். அவருக்கு அப்போது வயது 19.

அந்த இரவில் சேபன் எடுத்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். அது துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட. என் மனத்தை உறுத்துவது அதற்குப் பிந்தைய எட்டு மாதங்கள். வசந்தகாலப் பயிற்சி வந்தது, போனது. கோடை வந்தது. யார் தொடங்குவார் என்பதற்கு அறிவிப்பு இல்லை. ஆகஸ்டில் செய்தியாளர்கள் முன் ஹர்ட்ஸ் வாய் திறந்தார். வசந்தகாலம் முழுவதும் பயிற்சியாளர்கள் உட்பட யாரும் தன்னிடம் வந்து, உன் மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் அது எனக்கு இன்னும் கனமாகப் பட்டது. நாட்டின் மிகச் சிறந்த கால்பந்து நிர்வாகம் என்று பெயரெடுத்த இடம் அது. உடலுக்கும் உணவுக்கும் உறக்கத்துக்கும் தனித்தனியே ஆள் வைத்துக் கவனிக்கும் இடம். அங்கே ஓர் இளைஞனிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று.

செப்டம்பர் 1 அன்று ஆர்லாண்டோவில் லூயிவில் அணிக்கு எதிராக டுவா களமிறங்கியபோதுதான் ஊருக்கு விடை தெரிந்தது. அன்று அலபாமா 51-14 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் மரியா டெய்லர் என்ற செய்தியாளர் குவாட்டர்பேக்குகளைப் பற்றிக் கேட்டார். எதிர்பார்த்த கேள்விதான். இருவரில் ஒருவரை மதிக்காமல் பேசவைக்கத் திரும்பத் திரும்ப முயல்கிறீர்கள் என்று சேபன் அவர்மீது எரிந்து விழுந்தார். பிறகு அவரை அழைத்து மன்னிப்பும் கேட்டார். அந்த எரிச்சலின் வேர் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மார்ச்சிலேயே இரண்டு பேரிடமும் உட்கார்ந்து பேசியிருந்தால், செப்டம்பரில் ஒரு செய்தியாளரின் கேள்வி யாருக்கும் அவமதிப்பாகத் தோன்றியிருக்காது.

கதை அங்கே முடியவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். அதே ஆண்டு டிசம்பர் 1, அதே அட்லாண்டா மைதானம், அதே ஜார்ஜியா அணி. டுவாவின் கணுக்கால் அடிபட்டுவிட, நான்காம் கால்பகுதியில் 21-28 என்று பின்தங்கியிருந்த நிலையில் ஹர்ட்ஸ் உள்ளே வந்தார். எறிந்து சமன் செய்தார். கடைசியில் தானே பந்தோடு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டு 35-28 என்று வென்று கொடுத்தார். ஆட்டத்துக்குப் பின் அவரைப் பற்றிப் பேசும்போது சேபனுக்குக் குரல் தழுதழுத்தது. அந்தக் காட்சியைப் பார்த்து உருகாத ரசிகன் இல்லை, நானும் உருகினேன். ஆனால் உங்களில் பலர் அந்த நாளிலிருந்து தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டீர்கள் என்று அஞ்சுகிறேன். முடிவைச் சொல்லாமல் இழுத்தால் இருவரையும் வைத்துக்கொள்ளலாம், ஒருவர் விழுந்தால் இன்னொருவர் கைகொடுப்பார் என்ற பாடம். ஹர்ட்ஸ் அங்கே இருந்தது எந்தப் பயிற்சியாளரின் சாமர்த்தியத்தாலும் அல்ல. அந்த ஆண்டுதான் புது விதி வந்திருந்தது: நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும், கல்லூரி அணியில் ஆட ஒருவருக்கு உள்ள ஆண்டுகளில் ஒன்றை இழக்க வேண்டியதில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கினால் அந்த ஆண்டு கழிந்துவிடும் என்று தெரிந்தேதான் ஹர்ட்ஸ் செப்டம்பர் 29 அன்று களத்தில் கால் வைத்தார். தங்கியது அவர் தந்த கொடை. கொடையை எதிர்பார்த்துத் திட்டம் போட முடியாது.

அதே சனிக்கிழமை கிளெம்சன் பல்கலைக்கழக அணியில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கெல்லி பிரையன்ட் முந்தைய ஆண்டு அந்த அணியை நாட்டின் முதல் நான்கு அணிகளுக்குள் கொண்டு சேர்த்தவர். 2018இன் முதல் நான்கு ஆட்டங்களையும் அவரே தொடங்கினார். நான்காவது ஆட்டம் முடிந்த திங்கட்கிழமை, இனித் தொடங்கப்போவது முதலாண்டு மாணவர் டிரெவர் லாரன்ஸ் என்று தலைமைப் பயிற்சியாளர் டாபோ ஸ்வின்னி அறிவித்தார். கன்னத்தில் அறைந்ததைப் போல் இருந்தது என்று சொல்லி, புதன்கிழமை பிரையன்ட் அணியைவிட்டு விலகினார். சனிக்கிழமை சிரக்யூஸ் அணியோடு ஆட்டம். லாரன்ஸ் அடிபட்டு வெளியேறினார். பிரையன்ட் இல்லை. சேஸ் பிரைஸ் என்ற, அதிகம் பேர் அறியாத இளைஞர்தான் மிச்சம். கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் 6 யார்டு வேண்டியிருந்த நேரத்தில் டீ ஹிக்கின்ஸுக்குப் பந்தைச் சேர்த்து, 94 யார்டு அணியை நடத்திச் சென்று, 27-23 என்று காப்பாற்றினார். அந்த ஒரு ஆட்டம் போயிருந்தால் ஸ்வின்னியை ஊரே தூற்றியிருக்கும்.

நேர்மைக்கு விலை உண்டு என்பதை இந்தக் கதையே காட்டுகிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் ஸ்வின்னியின் பக்கமே நிற்கிறேன். நான்காவது ஆட்டத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே சொன்னதால், பிரையன்ட்டிடம் தன் கடைசி ஆண்டு பத்திரமாக இருந்தது. அவர் மிசௌரி பல்கலைக்கழகத்தில் போய் அதை ஆடினார். இரண்டு வாரம் மழுப்பியிருந்தால் அணிக்கு ஒரு மாற்று ஆள் மிஞ்சியிருப்பார். அந்த இளைஞனுக்கு ஓர் ஆண்டு பறிபோயிருக்கும். கிளெம்சன் அந்தப் பருவத்தை 15-0 என்று முடித்தது. இறுதி ஆட்டத்தில் அது வீழ்த்தியது அலபாமாவைத்தான், 44-16.

எதிரணிக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் மௌனம் என்று சொல்வீர்களானால், அது எனக்குப் பெரிய காரணமாகப் படவில்லை. எதிரணிப் பயிற்சியாளர்கள் இரண்டு பேரின் ஆட்டப் பதிவுகளையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். குழம்புவது உங்கள் அணிதான். டுவா இடக்கையால் எறிபவர். அவருக்குப் பார்வை படாத பக்கம் வலது பக்கம். அவர் ஆடினால் அந்தப் பக்கக் காவலரின் பொறுப்பே மாறிவிடுகிறது. இடக்கைப் பந்து சுழலும் திசையும் வேறு. அதைப் பிடிக்கும் விரல்கள் அதற்குப் பழக வேண்டும். இவர்களிடமெல்லாம் கடைசி நாள்வரை மூடி மறைத்து யாருக்கு என்ன லாபம்?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1999ஆம் ஆண்டு லாயிட் கார் ஒரு வழி கண்டார். முதல் கால்பகுதி டாம் பிரேடி, இரண்டாம் கால்பகுதி டிரூ ஹென்சன், அதற்குப் பிறகு யார் என்பது இடைவேளையில் முடிவாகும். பருவத்தின் நடுவே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, பிரேடியே முழுநேர ஆட்டக்காரர் ஆனார். அதே பல்கலைக்கழகத்தில் 2022இல் ஜிம் ஹார்பா முதல் ஆட்டத்தை கேட் மெக்னமாராவுக்கும் இரண்டாவதை ஜே.ஜே. மெக்கார்த்திக்கும் தந்து, அதை முன்கூட்டியே ஊரறியச் சொன்னார். 51-7, 56-10 என்று முடிந்த ஆட்டங்களில் அப்படி என்ன பெரிய சோதனை இருந்துவிடும் என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனால் தேதி குறித்த போட்டி அது. இரண்டாவது ஆட்டத்தில் மெக்கார்த்தி 12 எறிதல்களில் 11ஐச் சேர்த்தார். அன்றே முடிவும் சொல்லப்பட்டது. இதை நான் மதிக்கிறேன். ஃபுளோரிடாவின் 2006 அணியை எடுத்துக்காட்டி, இருவரை வைத்தே பட்டம் வென்றார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே கிறிஸ் லீக்தான் தொடக்க ஆட்டக்காரர். ஒன்றிரண்டு யார்டு முட்டி மோதிப் பெற வேண்டிய நேரத்தில் டிம் டீபோ வருவார். இருவருக்கும் தங்கள் வேலை என்னவென்று தெரிந்திருந்தது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2018 அக்டோபரில் அணி மாறுவோருக்கான பதிவேடு வந்தது முதல், காத்திருக்கப் பிடிக்காதவர்கள் போய்விடலாம் என்ற நிலை வந்தது. பிறகு அணி மாறியவர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்ற கட்டாயமும் படிப்படியாக நீங்கியது. அதனால்தான் நீங்கள் இன்னும் அதிகமாக மௌனம் காக்கிறீர்கள். சொன்னால் போய்விடுவான் என்ற பயம். ஆனால் அணி மாற வசந்தகாலத்தில் திறந்திருந்த வாசல் 2026 முதல் மூடப்பட்டுவிட்டது. ஜனவரி 2 முதல் 16 வரைதான் பொதுவாக அந்தக் கதவு திறந்திருக்கும். வசந்தகாலப் பயிற்சிக்குப் பிறகு "நீ இரண்டாவது ஆள்" என்று சொல்லப்படும் இளைஞன் அடுத்த ஜனவரி வரை எங்கும் போக முடியாது. முன்பு உங்கள் மௌனம் அவனுக்குச் சில வாரங்களை வீணாக்கியது. இனி ஓர் ஆண்டை வீணாக்கும். நான்கைந்து ஆண்டுகளே ஆடக்கூடிய ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய பங்கு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹர்ட்ஸுக்கு வேறிடம் கிடைத்தது. ஓக்லஹோமாவில் ஓராண்டு ஆடி, சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றார், பின்னர் 2025 பிப்ரவரியில் தொழில்முறைக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். எல்லோருக்கும் அது வாய்க்காது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்ததும், ஜனவரி 16க்கு முன்பாக, இருவரையும் தனித்தனியே உங்கள் அறைக்கு அழையுங்கள். துணைப் பயிற்சியாளர் வழியாகவோ தந்தை வழியாகவோ முகவர் வழியாகவோ வேண்டாம். இன்றைய நிலையில் நீ முதலா இரண்டா, அதை மாற்ற உனக்கு என்ன வழி, அந்த வழி உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். உங்களுக்கே இன்னும் தெரியவில்லை என்றால், எந்தத் தேதிக்குள் முடிவெடுப்பீர்கள் என்றாவது சொல்லிவிட்டு அதைக் காப்பாற்றுங்கள். ஆகஸ்ட் பயிற்சியில் இரண்டாவது வாரத்துக்குள் முதல் அணியை ஒருவரிடம் ஒப்படையுங்கள். அணிக்குச் சொன்ன பிறகு செய்தியாளர்களுக்குச் சொல்லுங்கள். உட்காரவைக்கப்பட்டவனிடம் மறுநாளும் போய்ப் பேசுங்கள். அதற்கடுத்த வாரமும் பேசுங்கள்.

மரியாதையுடன்,
ஒரு சனிக்கிழமை ரசிகன்